வல்லவனுக்குப் புல்லும் பிரேக்

விமானப் புராணம் எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். கதாநாயகனை மேகத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்துவார்கள். கழுத்துத் துணி காற்றில் படபடக்கும், கண்கள் தொடுவானத்தைத் துழாவும். அப்படியே இரண்டு பக்கம் ஓடிவிடும். ஆகாயத்தில் அப்படி என்ன நடந்துவிடப் போகிறது? என்ஜின் இரையும். காது அடைக்கும். குளிரும். ஒன்றுக்கு வரும், போக முடியாது. அவ்வளவுதான். கதையெல்லாம் கீழே இருக்கிறது. 1920களிலும் 30களிலும் மரச்சட்டத்தில் துணி போர்த்திய குட்டி விமானங்களை ஓட்டிக்கொண்டு கண்டம் தாண்டியவர்களின் வரலாற்றை ஒழுங்காக எழுதினால், அதில் முக்கால்வாசி புல்தரை, மாடு, தச்சர், மாட்டு வண்டி, கடன் வாங்கிய ஸ்பார்க் பிளக் என்றுதான் இருக்கும். இங்கே நமக்கு அந்த முக்கால்வாசி போதும். வீரத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் என்று ஓர் ஆங்கிலேயர். விமானம் செய்வது தொழில், பூச்சிகளைச் சேகரிப்பது பொழுதுபோக்கு. இரண்டையும் வேறு வேறாக வைத்துக்கொண்டிருந்தால் உலகத்துக்கு ஒரு சங்கடமும் இல்லை. 1925 பிப்ரவரி 22ஆம் தேதி, லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஸ்டாக் லேன் என்ற புல்வெளியிலிருந்து தன்னுடைய புது விமானத்தைத் தானே ஓட்டிப் பார்த்தார். கணக்குப் புத்தகத்தில் அதற்கு டி.எச்.60 என்று பெயர். செல்லப் பெயர் மாத். அதாவது அந்துப்பூச்சி. இறக்கையெல்லாம் துணி போர்த்திய ஒரு வாகனத்துக்குத் துணியை அரிக்கும் ஜந்துவின் பெயரை வைக்கிற துணிச்சல் பூச்சிப் பைத்தியங்களுக்கு மட்டுமே வரும். பெயர் ராசியாகிவிட்டது. அப்புறம் ஜிப்ஸி மாத், புஸ் மாத், ஃபாக்ஸ் மாத், டைகர் மாத், லெப்பர்ட் மாத் என்று அந்தக் குடும்பம் பல்கிப் பெருகியது.

என்ஜின் வந்த கதை இன்னும் அழகு. முதல் உலகப் போர் முடிந்தபோது சுடுவதற்கு ஆளில்லாத துப்பாக்கிகள் மாதிரியே பறப்பதற்கு ஆளில்லாத என்ஜின்களும் மலையாகக் குவிந்து கிடந்தன. ரெனோ கம்பெனியின் எட்டு சிலிண்டர் என்ஜின் அதில் ஒரு ரகம். நான்கு சிலிண்டர் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், நான்கு அந்தப் பக்கம். ஃபிராங்க் ஹால்ஃபோர்ட் என்ற பொறியாளர் அதை வாழைக்காயை நீளவாக்கில் அரிகிற மாதிரி பாதியாக்கி, ஒரு பக்கத்து நான்கு சிலிண்டரை மட்டும் வரிசையாக நிமிர்த்தி நிற்கவைத்தார். 60 குதிரைச் சக்தி. சிர்ரஸ் என்று பெயர். இன்றைக்கு இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு திருப்பதி போகிற சின்னக் காரில் இருக்கிற சக்திதான். பழைய இரும்புக் கடைச் சரக்கை வைத்துப் புதிய யுகத்தைத் தொடங்கிவைத்தார்கள். பிறகு 1928இல் பழைய சரக்கு தீர்ந்துபோகும் என்ற பயம் வந்து, தாங்களே 100 குதிரைச் சக்தியில் ஜிப்ஸி என்ற என்ஜினைச் செய்துகொண்டார்கள். ஜிப்ஸி மாத் அப்படி வந்தது.

இறக்கையைப் பின்பக்கம் மடக்கலாம். மடக்கினால் அகலம் சுமார் 3 மீட்டர். காரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், கொட்டகையில் விடலாம். இந்த வசதியைப் பார்த்துத்தான் பணக்காரர்கள் மயங்கினார்கள். பிரிட்டிஷ் அரசும் பறக்கும் கிளப்புகளுக்கு மானியம் கொடுத்து மாத் வாங்கவைத்தது. அடுத்த போருக்கு விமானிகள் வேண்டும் என்ற கணக்கு உள்ளே இருந்தது. வெளியே சொன்னது விளையாட்டு.

விற்பனைக்காரர்கள் இறக்கை மடங்குவதைப் பற்றி நிறையப் பேசினார்கள். என்னென்ன இல்லை என்பதைப் பற்றிப் பேசவில்லை. கூரை இல்லை, திறந்த காக்பிட். ரேடியோ இல்லை. ஸ்டார்ட்டர் இல்லை. ஒருவர் முன்னே நின்று புரொப்பல்லரைக் கையால் சுழற்றிவிட்டுச் சட்டென்று விலகிக்கொள்ள வேண்டும். விலகாதவர்கள் இந்த வேலையில் நீண்ட நாள் நீடிப்பதில்லை. சக்கரத்துக்குக் கட்டை வைக்க மறந்துவிட்டு, தன்னந்தனியாக என்ஜினைக் கிளப்பினால், விமானம் முதலாளியை விட்டுவிட்டுத் தானே கிளம்பிவிடும் அபாயமும் உண்டு. இவற்றுக்கெல்லாம் சிகரமாக, பிரேக் இல்லை.

பிரேக் இல்லாமல் எப்படி நின்றார்கள்? வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. மாத் விமானத்துக்கு முன்னால் இரண்டு சக்கரம், வாலுக்கு அடியில் சக்கரம் கிடையாது, ஒரு சறுக்குக் கட்டை. இறங்கியதும் வால் தாழ்ந்து அந்தக் கட்டை புல்லை உழுதுகொண்டே வரும். உழுகிற உராய்வில் வேகம் குறையும். நின்ற இடம்தான் நின்ற இடம். கான்கிரீட்டில் இறக்கினால் கட்டை வழுக்கும், தீப்பொறி பறக்கும், விமானம் எதிலாவது முட்டும்வரை போகும். ஆகவே புல்தரை என்பது ஏழைகளின் ஓடுபாதை அல்ல. அந்த விமானத்தின் பாதி உறுப்பு அது. உருப்படியான புல்தரை வட்டமாகவோ சதுரமாகவோ இருந்தது, நீள ஓடுபாதையாக இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பி இறங்கிவிடலாம். ஒல்லியான விமானத்துக்குப் பக்கவாட்டுக் காற்று ஜென்ம விரோதி. இப்போதைய விமான நிலையம் ஒரே திசையில் ஓடுபாதை போட்டுவிட்டுக் காற்றை அதற்கு ஒத்துப்போகச் சொல்கிறது. அந்தக் காலத்தில் மனிதர்கள்தான் காற்றுக்கு ஒத்துப்போனார்கள்.

இறங்குவதுதான் கலை. விமானி உட்காருவது பின் இருக்கையில். முன்னால் என்ஜின் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். தரையில் ஓடும்போது நேரே என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது. அதனால் இடமும் வலமுமாகப் பாம்பு நெளிவில் போவார்கள். போதை என்று வெளியாட்கள் நினைத்தால் அது வெளியாட்களின் அறியாமை. (சில வார இறுதிகளில் அறியாமை இல்லை.) வேலியைத் தாண்டியதும் உயரத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு உதவும் மடிப்புத் தட்டிகள் இறக்கையில் கிடையாது. ஆகவே விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, காற்றுக்கு உடம்பைக் காட்டி, சரிந்தபடியே கீழே வருவார்கள். சைடுஸ்லிப் என்று இதற்குப் பெயர். கடைசி நொடியில் நிமிர்த்தி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் குச்சியை மெல்ல வயிற்றை நோக்கி இழுத்து, இதற்குமேல் பறக்க மாட்டேன் என்று இறக்கை கைவிரிக்கும் அதே கணத்தில் இரண்டு சக்கரமும் வால் கட்டையும் சேர்ந்தாற்போலத் தரையைத் தொட வேண்டும். அப்போது வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர் பக்கம். முழ உயரம் என்று நினைத்தது ஆள் உயரமாக இருந்தால் விமானம் தொப்பென்று விழுந்து எம்பும். எம்பி விழுந்து மறுபடி எம்பும். கிளப் வாசலில் தேநீர்க் கோப்பையுடன் உட்கார்ந்திருப்பவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணுவார்கள்.

இதற்கு நடுவில் மாடு. இங்கிலாந்தில் ஆடு. புல்லை யாராவது கட்டையாக வைத்திருக்க வேண்டுமே, மேய்ச்சலுக்கு விட்டால் செலவும் இல்லை. இறங்குவதற்கு முன் ஒருமுறை தாழப் பறந்து ஆடுமாடுகளை விரட்டிவிட்டு, அவை திரும்பி வருவதற்குள் சுற்றி வந்து இறங்க வேண்டும். நிறுத்திவைத்த விமானத்துக்கும் காவல் தேவை. இறக்கைத் துணியை முறுக்கேற்றுவதற்கு டோப் என்ற ஒரு பூச்சு அடிப்பார்கள். அதன் ருசி பசுக்களுக்கு மிகவும் பிடிக்கும். இரவில் காவல் போடாத விமானிகள் காலையில் எலும்புக்கூட்டைப் பார்த்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட வண்டியை ஓட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து வருகிற முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று 1929 கடைசியில் ஆகா கான் அறிவித்தார். பணம் கொடுப்பவருக்கு விமானம் ஓட்ட வேண்டிய அவசியம் இல்லை என்பது எல்லா யுகத்திலும் ஒன்றே. போட்டியில் குதித்தவர்கள் மூவர்.

முதலாவது மன்மோகன் சிங், ராவல்பிண்டிக்காரர், இங்கிலாந்தில் படித்தவர். தன் ஜிப்ஸி மாத்துக்கு மிஸ் இந்தியா என்று பெயரிட்டார். லண்டனின் க்ராய்டன் விமானத் தளத்திலிருந்து கோலாகலமாகக் கிளம்பினார். திரும்பி வந்தார். மறுபடி கிளம்பினார். மறுபடி திரும்பி வந்தார். ஆங்கில விமானப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர், பெயருக்கு ஏற்றபடி இவர் இந்தியாவை மிஸ் பண்ணத்தான் போகிறார் என்று எழுதிவைத்தார். அந்த ஆசிரியர் வயிறெரிய, மன்மோகன் சிங் கடைசியில் மூவரில் முதல் ஆளாகக் கராச்சிக்கு வந்து சேர்ந்தார். ஆனால் நடுவழி இறக்கங்களில் நாட்கள் போய்விட்டன. நிபந்தனையில் கால வரம்பு என்று ஒன்று இருந்தது, அது தாண்டிவிட்டது. பரிசு கிடையாது. வந்தவர் வந்ததாகவே கணக்கில் வராத இந்த அதிசயத்தைக் கண்டுபிடித்தது பிரிட்டிஷ் கமிட்டிதான் என்றாலும், நம் ஊர் அலுவலகங்கள் இதைப் பிற்பாடு வெகுவாக மேம்படுத்தின.

இரண்டாவது ஆஸ்பி எஞ்சினியர். பார்சிகளுக்குத் தொழிலே குடும்பப் பெயராகிவிடுவதுண்டு. இவருடைய அப்பா நிஜமாகவே ரயில்வே எஞ்சினியர், கராச்சியில். பையனுக்கு வயது 17. அந்த வயதில் நம் வீடுகளில் சைக்கிள் கேட்டாலே வரவு செலவு காட்டுவார்கள். ஆஸ்பி 1930 மார்ச்சில் ஆர்.என்.சாவ்லா என்ற நண்பருடன் கராச்சியிலிருந்து ஜிப்ஸி மாத்தில் கிளம்பி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஆனால் பரிசு தனியாகப் பறப்பவருக்கு, இவர்கள் இரண்டு பேர். அதனால் என்ன, திரும்பி வரும்போது தனியாக வந்தால் போயிற்று என்று ஏப்ரல் கடைசியில் க்ராய்டனிலிருந்து கிளம்பினார். தெரிந்த பாதை. முன்பு எங்கெங்கே பல்லை உடைத்துக்கொள்ளப் பார்த்தோம் என்பது நினைவிருக்கும் அல்லவா, அது பெரிய அனுகூலம்.

மூன்றாவது ஜே.ஆர்.டி.டாட்டா. அப்போது 25 வயது. இந்தியாவில் தேர்வு பெற்று விமானி உரிமம் வாங்கியவர்களில் முதல் ஆள்: 1929 பிப்ரவரி 10, உரிம எண் 1. பயிற்றுநருடன் 3 மணி 45 நிமிடம் பறந்தபின் தனியாக விட்டுவிட்டார்கள். இன்றைக்கு ஸ்கூட்டருக்கு எல்.எல்.ஆர். வாங்க வரிசையில் நிற்கிற நேரம் அது. மற்ற இருவரும் இங்கிலாந்திலிருந்து இந்தியா வந்தார்கள் என்றால், இவர் மே 3ஆம் தேதி கராச்சியிலிருந்து எதிர்த்திசையில் கிளம்பினார். போட்டியில் ஜெயிக்க வேண்டுமானால் எதிராளியை முந்த வேண்டும் என்பார்கள். இங்கே எதிராளி எதிரிலேயே வந்துகொண்டிருந்தார்.

இருவரும் சந்தித்தது எகிப்தில், அலெக்சாந்திரியாவுக்குப் பக்கத்தில் அபூகிர் விமானத் தளத்தில். ஆஸ்பி அங்கே தரைதட்டி உட்கார்ந்திருந்தார். என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. கண்டம் தாண்டிப் பறக்கிறவர் உதிரி பிளக் எடுத்து வந்திருக்க மாட்டாரா என்று கேட்கக் கூடாது. 17 வயதில் நீங்கள் எதை எடுத்துக்கொண்டு போனீர்கள்? ஜே.ஆர்.டி.யிடம் உதிரி பிளக்குகள் இருந்தன. வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, பரிசு 500 பவுன், போட்டியாளர் பாலைவனத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். டாட்டா என்ன செய்ய வேண்டும் என்று எந்த மேனேஜ்மெண்ட் கல்லூரியில் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள். அவர் பிளக்குகளை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆஸ்பி நெகிழ்ந்துபோய்த் தன்னுடைய உயிர்காப்புச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். கணக்குப் பார்த்தால் இது ஆஸ்பிக்கு லாபமான பண்டமாற்று: மத்தியதரைக் கடலை ஏற்கெனவே தாண்டி வந்துவிட்ட பையனுக்கு இனி அந்தச் சட்டை எதற்கு? தாண்ட வேண்டியவர் டாட்டா.

பிளக் வேலை செய்தது. மே 11ஆம் தேதி ஆஸ்பி கராச்சியில் இறங்கினார். ஜே.ஆர்.டி. தன் இலக்கைத் தொடுவதற்குள் பரிசு முடிந்துவிட்டது. தோற்றவர் பின்னாளில் இந்தியாவின் முதல் விமானக் கம்பெனியை நடத்தினார். ஜெயித்தவர் விமானப் படையில் சேர்ந்து, ஏர் மார்ஷலாகி, 1960 முதல் 1964 வரை அதன் தளபதியாக இருந்தார். பரிசு வாங்காத மன்மோகன் சிங்கைப் பஞ்சாபில் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஆக, 500 பவுனுக்கு ஆகா கான் மூன்று கதாநாயகர்களை வாங்கிவிட்டார். இந்த விலைக்கு இன்றைக்கு ஒரு துணை நடிகர் கிடைப்பது கஷ்டம்.

அதே மே மாதம், அதே கராச்சி, அதே ஜிப்ஸி மாத் ரகம். ஆஸ்பி வந்து இறங்குகிற வேளையில் பத்திரிகைக்காரர்கள் ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். எமி ஜான்சன். இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்துக்காரர், வயது 26, வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர். அதுவரை அவர் தனியாகப் பறந்த மிக நீண்ட பயணம் லண்டனிலிருந்து சொந்த ஊருக்கு. அடுத்ததாக ஆஸ்திரேலியா போகலாம் என்று முடிவு செய்தார். நடுவில் வேறு எதையாவது முயன்று பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியவர் சொன்னது எமியின் காதில் விழவில்லை. சுமார் 600 பவுன் விலையில் பழைய ஜிப்ஸி மாத் ஒன்று. அப்பா பாதி போட்டார், எண்ணெய்க் கம்பெனி முதலாளி லார்டு வேக்ஃபீல்டு மீதியைப் போட்டார். அப்பாவுக்கு மீன் வியாபாரம். அவருடைய சரக்கின் முத்திரைப் பெயர் ஜேசன். விமானத்துக்கும் அதுவே பெயராயிற்று. கிரேக்கப் புராண வீரனின் பெயர் என்று பிற்காலத்தில் பலர் சிலிர்த்தார்கள். சிலிர்க்கட்டும், கருவாட்டு வாசனை அவர்களுக்கு எட்டவில்லை.

எமியிடம் ஒரு விஷயம் நிஜமாகவே பாராட்டத்தக்கது, இந்தப் பரிகாசத்துக்கு நடுவிலும் சொல்லிவிடுகிறேன். விமானத்தை ஓட்ட மட்டும் கற்காமல், ஸ்டாக் லேன் கொட்டகையில் மெக்கானிக்குகளோடு எண்ணெயில் புரண்டு, என்ஜினைப் பிரித்து மாட்டுவதற்கான அரசு உரிமமும் வாங்கியிருந்தார். ஓட்டுபவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். உடைந்தால் என்ன உடைந்தது என்று தெரிந்தவர்கள் கொஞ்சம்தான். போகும்போது ஒரு உதிரி புரொப்பல்லரை விமானத்தின் விலாவில் கட்டிக்கொண்டு போனார். இந்த அம்மாளுக்குத் தன்னுடைய தரையிறக்கங்களைப் பற்றி மாயை ஏதும் இல்லை என்று அதிலிருந்து தெரிகிறது.

மே 5ஆம் தேதி க்ராய்டனை விட்டவர் ஆறாவது நாள் கராச்சியில் இருந்தார். அதுவரை ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்திருந்த பெர்ட் ஹிங்க்ளரைவிட இரண்டு நாள் முன்னால். உலகமே விழித்துக்கொண்டது. அதற்கப்புறம்தான் கூத்து. கராச்சியிலிருந்து அலகாபாத் போகும் வழியில் எதிர்க்காற்றில் பெட்ரோல் கரைந்துபோய், ஜான்சியில் இறங்க வேண்டியதாயிற்று. கண்ணில் பட்டது ராணுவப் பரேடு மைதானம். 1857க்குப் பிறகு ஜான்சியில் பிரிட்டிஷ் ராணுவம் ஒரு பெண்ணைப் பார்த்து இவ்வளவு வேகமாகச் சிதறி ஓடியதில்லை. பிரேக் இல்லாத ஜேசன் மைதானத்தைத் தாண்டி, சிப்பாய்களின் குடியிருப்புக் கட்டடங்களுக்கு இடையே புகுந்து, ஓர் இறக்கை அடிபட்டு நின்றது. பேரரசின் வானூர்திச் சாதனையை மேலே நகர்த்த அன்றைக்குத் தேவைப்பட்டவர் ஓர் உள்ளூர்த் தச்சர். அவர் உடைந்த கட்டையைப் பார்த்தார், இழைத்தார், பொருத்தினார். அவருடைய பெயரை எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை. மறுநாள் விமானம் பறந்தது.

பர்மாவில் இன்னும் விசேஷம். மழைக்காலம் தொடங்குகிறது, மேகம் தாழ்ந்துவிட்டது. ரங்கூன் குதிரைப் பந்தயத் திடலில் இறங்க வேண்டியவர் ஊரைத் தவறவிட்டு, பக்கத்து இன்செய்னில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் விளையாட்டு மைதானத்தில் இறங்கினார். மைதானம் சின்னது, புல் ஈரம். ஈரப் புல்லில் வால் கட்டை உழாது, வழுக்கும். ஜேசன் கோல் கம்பங்களுக்கு நடுவே கச்சிதமாகப் புகுந்து அப்பால் இருந்த பள்ளத்தில் மூக்குக் குப்புற விழுந்தது. கால்பந்தில் அது கோல். விமானவியலில் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புரொப்பல்லர் உடைந்தது, விலாவில் கட்டிவந்த உதிரி அங்கே கைகொடுத்தது. இறக்கைத் துணி கிழிந்தது. விமானத் துணிக்கு எங்கே போவது? போர் முடிந்தபின் மிஞ்சிய விமானத் துணியை யாரோ மலிவாக விற்று, ஊரில் பலர் அதில் சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள். சட்டைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஆகாயத்திலிருந்து கழற்றப்பட்டு முதுகுக்கு வந்த துணி மறுபடி ஆகாயத்துக்குப் போயிற்று. டோப் பூச்சை உள்ளூர் மருந்துக் கடைக்காரர் வாசனை பிடித்து, இது அதுதான் என்று கலக்கிக் கொடுத்தார். கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் இரவு பகலாக வேலை செய்தார்கள். இதைவிட நல்ல செய்முறைத் தேர்வு அந்தக் கல்லூரிக்குக் கிடைத்திருக்காது.

ஜாவாவில் ஒரு கரும்புத் தோட்டத்துப் பக்கம் இறங்கியபோது தரையில் நட்டிருந்த மூங்கில் குச்சிகள் இறக்கையில் ஓட்டை போட்டன. அங்கே சட்டையும் இல்லை. எமி காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை எடுத்து ஓட்டைகளில் ஒட்டிக்கொண்டு கிளம்பினார். மே 24ஆம் தேதி டார்வினில் இறங்கினார். ஹிங்க்ளரின் மொத்த நாள் கணக்கை முறியடிக்கவில்லை, யாரும் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. பாட்டுக் கட்டினார்கள், லண்டன் பத்திரிகை ஒன்று 10,000 பவுன் கொடுத்தது. ஐந்து நாள் கழித்து பிரிஸ்பேனில் ஆயிரக்கணக்கான கண்கள் பார்க்க, வரவேற்புக் குழு மாலையும் கையுமாக நிற்க, திடலைத் தாண்டி வேலியை உடைத்துக்கொண்டு போய்த் தலைகீழாகக் கவிழ்ந்தார். காயம் இல்லை. எழுந்து வந்து பேசினார். ஜேசன் இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூரையிலிருந்து கம்பி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், தரைக்கும் அதற்கும் இனி எந்தத் தகராறும் வராதபடி.

சென்னைக்காரர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு, நமக்கும் இதற்கும் என்ன என்று இருக்க வேண்டியதில்லை. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் 1910லேயே சிம்ப்சன் கம்பெனியைப் பிடித்து ஒரு விமானம் செய்யச்சொல்லி, பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்து, தீவுத்திடலில் டிக்கெட் போட்டுக் காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்கூட ஆகவில்லை. உலகத்தில் விமானிகள் எல்லோரும் ராணுவத்திலிருந்தோ சைக்கிள் கடையிலிருந்தோ வந்தபோது நம் ஊரில் மட்டும் சமையலறைப் பக்கமிருந்து வந்தார். கூட்டம் கூடினால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

மதராஸுக்கு ஒழுங்கான விமானத் தபால் வந்தது 1932இல். தோற்ற டாட்டா சும்மா இருக்கவில்லை. அக்டோபர் 15ஆம் தேதி காலை கராச்சியிலிருந்து புஸ் மாத் ஒன்றில், லண்டன் தபாலில் சுமார் 25 கிலோவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். புஸ் மாத்துக்குக் கூரை உண்டு, ஒற்றை என்ஜின்தான். அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே பர்மா ஷெல் கம்பெனி பெட்ரோல் நிரப்ப ஆயத்தமாக இருந்தது: நான்கு காலன் தகர டின்களில், மாட்டு வண்டியில். இந்தியாவின் விமானப் போக்குவரத்து அப்படி மாட்டைப் பூட்டித்தான் புறப்பட்டது. பிற்பகல் பம்பாயில் ஜுஹு. ஜுஹு விமானத் தளம் என்றால் கடலோரச் சேற்றுத்தரை, ஒரு ஓலைக் கொட்டகை. அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் தபாலை வாங்கிக்கொண்டார். முன்னாள் விமானப் படைக்காரர், கம்பெனியின் மூளை அவர்தான். அன்றிரவு பெல்லாரியில் தங்கி மறுநாள் மதராஸில் கொண்டுவந்து சேர்த்தார். சென்னைவாசிகள் பாதிப் பேருக்கு அந்தத் தபாலில் ஒன்றும் வந்திருக்காது. வந்தது பெரும்பாலும் பாங்குகளுக்கும் வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கும். முதல் வருஷ லாபம் 60,000 ரூபாய். தாமதம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று அரசாங்கம் பாராட்டி எழுதியது. அப்படி ஒரு பாராட்டை விமானக் கம்பெனி எதற்காவது அதற்குப் பிறகு யாராவது எழுதியிருந்தால் தெரிவிக்கவும்.

மழைக்காலம் வந்ததும் ஜுஹு கடலோடு போய்விடும். சேற்றில் இறங்கினால் இறங்கியதுதான். கம்பெனி என்ன செய்தது? விமானங்கள், கருவிகள், பழுதுபார்க்கும் புத்தகங்கள், ஆட்கள் எல்லோரையும் மூட்டை கட்டிக்கொண்டு பூனாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே இறங்க அனுமதி கிடைத்த மைதானம் எரவாடா சிறைச் சுவரின் நிழலில் இருந்தது. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தான அதே சிறை. சுவருக்கு வெளியே மன்னர் படம் போட்ட தபால்தலைகளுடன் விமானம் புல்லை உழுதுகொண்டு வந்து நிற்கும். சுவருக்கு உள்ளே அந்த மன்னர் வேண்டாம் என்று சொன்னதற்காக வந்தவர்கள் ராட்டை சுற்றிக்கொண்டிருப்பார்கள். இரு தரப்புக்கும் தங்குமிடம் கொடுத்தது சர்க்கார். உள்ளே இருந்தவர்களுக்காவது கூரை இருந்தது.